கோடிகளின் காரியஸ்தர்

1974-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், வாஷிங்டன் நகரில், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழுவின் முன்னிலையில், கணக்குகளும் வரைபடங்களுமாக ஒரு மனிதர் வந்து சாட்சி நாற்காலியில் அமர்ந்தார். நிக்ஸன் பதவி துறந்து, ஃபோர்டு ஜனாதிபதியாகி, உப ஜனாதிபதி ஸ்தானத்துக்கு நெல்ஸன் ராக்ஃபெல்லரின் பெயரை முன்மொழிந்திருந்த சமயம் அது. தேசத்தின் இரண்டாவது பெரிய பதவிக்கு வரப்போகிறவருடைய குடும்பச் சொத்து எவ்வளவு, அது எந்தெந்தக் கம்பெனிகளில் இருக்கிறது, அந்தக் கம்பெனிகளை உள்ளே இருந்து நடத்துவோர் யார் என்பதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் சம்மதம் தருவதற்கில்லை என்று சபையினர் உறுதியாக நின்றார்கள். பதில் சொல்ல வந்தவரோ ராக்ஃபெல்லர் வம்சத்தில் பிறந்தவர் அல்லர். ஜே. ரிச்சர்ட்சன் டில்வொர்த் என்ற அவர், 1958 முதல் அந்தக் குடும்பத்தின் பணத்தைப் பரிபாலித்து வந்த காரியாலயத்தின் தலைவர். குடும்பத்தார் 84 பேருக்கும் சேர்த்து நூறு கோடி டாலருக்குச் சற்று மேற்பட்ட பங்குகளும் பத்திரங்களும் உண்டென்றும், எந்தக் கம்பெனியையும் தங்கள் பிடிக்குள் வைத்துக்கொள்ளும் நோக்கம் காரியாலயத்துக்குக் கிடையாதென்றும் அவர் எடுத்துரைத்தார்.

நியூயார்க் நகரத்தில், ராக்ஃபெல்லர் பிளாஸாவில், 30-ஆம் எண் கட்டடத்தின் 56-ஆவது மாடியில், 'அறை 5600' என்ற பெயரால் மட்டும் அறியப்பட்டிருந்த ஓர் இடத்தின் உட்புறத்தை அமெரிக்க ஜனங்கள் சிறிதேனும் எட்டிப் பார்க்க முடிந்தது அந்த விசாரணையின்போதுதான். குடும்பத்தில் ஒருவர் பொதுப் பதவியை விரும்பாமல் இருந்திருந்தால் அந்தச் சிறிதளவும் வெளிவந்திராது.

அன்று அமெரிக்கப் பெருந்தனவந்தர் சிலரிடம் மட்டுமே இருந்த அந்த ஏற்பாடு இன்று உலகம் முழுவதும் பரவி வருகிறது. 'ஃபேமிலி ஆபீஸ்' என்று ஆங்கிலப் பெயரிலேயே தொழில் வட்டாரத்தில் வழங்கும் இந்தக் குடும்பக் காரியாலயங்கள், ஒரே குடும்பத்துக்கென்று நடப்பவை மட்டுமே, 2024-ல் உலகில் 8,030 இருந்தன என்று டெலாய்ட் நிறுவனம் மதிப்பிட்டது. அவற்றின் பொறுப்பில் இருந்த தொகை 3.1 லட்சம் கோடி டாலர். சிங்கப்பூரில் 2020-ல் 400 ஆக இருந்த எண்ணிக்கை 2024 முடிவில் 2,000-ஐத் தாண்டிவிட்டது. இந்தியாவில் 2018-ல் சுமார் 45, 2024-ல் சுமார் 300 என்பது பி.டபிள்யூ.சி. நிறுவனத்தின் கணக்கு. பட்டயக் கணக்காளர் வேலைக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் வங்கி உத்தியோகத்தைப் போலவே இந்தக் காரியாலயங்களின் உத்தியோகத்தையும் நாடத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே, இதற்குத் தலைமை வகிப்பவர் செய்யும் வேலைதான் என்ன, அதைச் சரிவரச் செய்தால் விளைவதென்ன, தவறவிட்டால் அந்த நஷ்டம் யார் தலையில் விடிகிறது என்பவற்றை நிதானமாக விசாரிப்பது அவசியமாகிறது.

நமக்குத் தெரிந்த மனிதர்தான்

இந்த உத்தியோகத்தின் பெயர் புதிதே தவிர, அதை வகிப்பவர் நமக்குப் புதியவர் அல்லர். ஜமீன்களிலும் மிராசு வீடுகளிலும் 'காரியஸ்தர்' என்று ஒருவர் இருந்தார். குத்தகை வசூல், கோர்ட்டு வியாஜ்யம், பெண்ணுக்குச் சீர், பிள்ளைக்குப் படிப்பு, கோயில் கட்டளை எல்லாம் அவர் கையைக் கடந்தே நடக்கும். வீட்டின் கஷ்ட நஷ்டம் எஜமானுக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். இன்றைய குடும்பக் காரியாலயத் தலைவரின் நாளும் அப்படித்தான் கழிகிறது. காலையில் எந்தக் கம்பெனிப் பங்கை வாங்குவது, எதை விற்பது என்ற ஆலோசனை; பிற்பகலில் வழக்கறிஞர்களோடு டிரஸ்டுப் பத்திரமும் வரிக் கணக்கும்; மாலையில், வெளிநாட்டில் படிக்கும் பேரனுக்கு வீடு பார்ப்பதோ, மனம் முறிந்த இரு சகோதரர்களை ஒரே மேஜைக்கு அழைத்து வருவதோ. பத்துக் கோடி டாலருக்குக் குறைந்த ஆஸ்திக்குத் தனிக் காரியாலயம் வைப்பது கட்டுப்படியாகாது என்று தொழிலில் பழகியவர்கள் சொல்வார்கள். சம்பளச் செலவு அவ்வளவு.

இதைவிடக் கட்டுக்கோப்பான ஏற்பாடு ஒன்றை நம் நகரத்தார் சமூகம் கண்டிருந்தது. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடை ரங்கூனிலோ மோல்மேனிலோ பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். கடையை நடத்துபவர் 'மேலாள்' எனப்படும் ஏஜெண்டு. அவருக்குக் கீழே 'அடுத்தாள்'. அவருக்கும் கீழே 'பெட்டியடிப் பையன்'. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கியைக் கண்முன் கொண்டுவந்து பாருங்கள்: நீண்ட கூடம், தரையில் பாய், ஒவ்வொரு கடைக்கும் ஒரு மரப்பெட்டி. பெட்டியின் மூடியே மேஜை. அதன் முன் சம்மணமிட்டு அமர்ந்து பேரேடு எழுதுவார்கள், பெட்டிக்குள்ளே பத்திரங்களை வைத்துப் பூட்டுவார்கள். அந்தப் பெட்டியின் அடியில் உட்கார்ந்து எடுபிடி வேலை பார்த்தே தொழில் கற்றதால் பையனுக்குப் 'பெட்டியடி' என்ற பெயர் வந்தது. மேலாளுக்கு முதலாளியின் விலாசத்தில் கையெழுத்திடும் முழு அதிகாரம் உண்டு. லட்சக்கணக்கான ரூபாயை அவர் தம் யோசனைப்படியே கொடுக்கலாம், வாங்கலாம்.

அத்தனை அதிகாரத்துக்கும் ஒரு வரம்பு இருந்தது. ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்குத்தான். கணக்கின் நகலும் கடிதமும் தவறாமல் ஊருக்குப் போயாக வேண்டும். தவணை முடியும் சமயத்தில் அடுத்த மேலாள் கப்பலேறி வந்து, பழையவரோடு உடனிருந்து, கடன்காரர் ஒவ்வொருவரையும் நேரில் கண்டு, பேரேட்டை வரிவரியாகச் சரிபார்த்துப் பொறுப்பேற்பார். பழையவர் ஊர் திரும்பி ஐந்தொகை ஒப்புவித்த பிறகே லாபத்தில் தம் பங்கைக் காண்பார். நம்பிக்கை மிகுந்த உறவினரையும் சாதிக்காரரையுமே அனுப்பியவர்கள்கூட, நம்பிக்கை ஒன்றே போதும் என்று விட்டுவிடவில்லை. பின்னால் வரும் மனிதரின் கண் எப்போதும் கணக்கின் மேல் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். இந்த ஏற்பாட்டின் விவேகத்தை நான் எத்தனை முறை நினைத்தாலும் வியக்கிறேன்.

பெட்டிச் செய்தி: பர்மாவில் போனது
1929-30-ல் அமர்ந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, பர்மாவில் நகரத்தார் கடைகள் சுமார் 1,650 என்றும், அவற்றில் புழங்கிய மூலதனம் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. அடுத்து வந்த பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன்பட்ட விவசாயிகளின் நிலங்கள் கடனுக்கு ஈடாகக் கடைகளிடம் வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. 1938-ல் அது 25 பங்கு. கையில் புரண்ட பணம், விற்க முடியாத அயல்நாட்டு மண்ணாக மாறிவிட்டது. 1942-ல் ஜப்பானியப் படையெடுப்பு. 1948-ல் சுதந்திர பர்மாவின் நில தேசியமயச் சட்டம். காரைக்குடி வட்டாரத்தில் இன்று பூட்டிக்கிடக்கும் மாளிகைகள் பலவற்றின் கதை இந்த எண்களில் அடங்கியிருக்கிறது.

பாதிரியார் பார்த்த கணக்கு

மேல்நாட்டில் இந்த உத்தியோகத்துக்கு இலக்கணம் வகுத்தவர் ஒரு பாதிரியார் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஃபிரெடரிக் டெய்லர் கேட்ஸ் 1853-ல் நியூயார்க் ராஜ்யத்தில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர். தாமும் பாப்டிஸ்ட் சபையில் போதகராக இருந்து, பிறகு அச்சபையின் கல்விச் சங்கத்துக்குக் காரியதரிசியானார். சிகாகோ சர்வகலாசாலையை ஸ்தாபிக்க நன்கொடை திரட்டும் முயற்சியில்தான் எண்ணெய் அதிபர் ஜான் டி. ராக்ஃபெல்லருக்கு அறிமுகமானார். கிழவருக்கு அந்நாளில் பணத்தைச் சம்பாதிப்பதைக் காட்டிலும் கேட்டு வருகிறவர்களைச் சமாளிப்பது பெரும்பாடாக இருந்தது. ஒரு பெரிய நன்கொடை பத்திரிகையில் வெளியானால் ஒரே மாதத்தில் ஐம்பதாயிரம் யாசகக் கடிதங்கள் வந்து குவிந்த காலம் அது. 1891-ல் கேட்ஸை நியூயார்க்குக்கு அழைத்து, அந்த மனுக்களைச் சலித்துப் பார்க்கும் வேலையை ஒப்படைத்தார்.

இடையே, தர்ம காரியமாக ஊர் ஊராகப் பிரயாணம் செய்யும்போது, தாம் முதல் போட்டிருக்கும் சில தொழில்களையும் அப்படியே பார்த்து வரும்படி ராக்ஃபெல்லர் கேட்டுக்கொண்டார். ஸ்டாண்டர்ட் ஆயிலை அங்குலம் அங்குலமாகக் கட்டி எழுப்பிய அந்த மகா நிபுணர், எண்ணெய்க்கு வெளியே இருந்த பணத்தைத் தம்மோடு ஒரே சபையில் பிரார்த்தனை செய்த நண்பர்களின் பேச்சை நம்பிப் போட்டு வைத்திருந்தார். கேட்ஸ் ரயிலேறிப் போய்ச் சுரங்கங்களையும் உலைகளையும் நேரில் பார்த்தார். வாஷிங்டன் ராஜ்யத்தின் மான்டி கிறிஸ்டோ சுரங்கங்களும், அவற்றை நம்பிக் கட்டிய எவரெட் நகரத்து முதலீடுகளும், சொல்லப்பட்ட பெருமைக்கும் உண்மைக்கும் சம்பந்தமின்றிக் கிடந்தன. இந்தச் செய்தியை எஜமானரிடம் எப்படிச் சொல்வது? சொல்லப்படுவது பணம் போன செய்தி மட்டும் என்றால் எளிது. உம்முடைய சினேகிதர்களை நம்பியது பிழை, உம்முடைய மதிப்பீடே பிழை என்றல்லவா சொல்ல வேண்டியிருக்கிறது! கேட்ஸ் ஒளிக்காமல் சொன்னார். ராக்ஃபெல்லர் கோபிக்கவில்லை, தம் தனிப்பட்ட முதலீடுகள் முழுவதையும் அவர் பொறுப்பிலேயே விட்டார்.

இந்தத் தொழிலின் உயிர்நிலை அந்த ஒரு சம்பாஷணையில் இருப்பதாக நான் நினைக்கிறேன். பங்கின் விலையைக் கணக்கிட ஆயிரம் பேர் கிடைப்பார்கள். வரிச் சட்டத்தின் சந்துபொந்துகளை அறிந்தவர்களும் கிடைப்பார்கள். தமக்குச் சோறு போடுகிறவரின் முகத்தைப் பார்த்து, 'இது வேண்டாம்' என்று சொல்லக்கூடியவர் அபூர்வம். அப்படிச் சொல்லக் கேட்டுப் பொறுத்துக்கொள்ளும் எஜமானர் அதைவிட அபூர்வம்.

கேட்ஸின் சாமர்த்தியம் பெருநிதியையும் சேர்த்தது. 1893-ன் பொருளாதார நெருக்கடியில் தத்தளித்த மெரிட் சகோதரர்களிடமிருந்து வந்த மெஸாபி இரும்புச் சுரங்கங்கள், அவருடைய நிர்வாகத்தில் வளர்ந்து, 1901-ல் சுமார் எட்டுக் கோடி டாலர் பங்குகளுக்காக யு.எஸ். ஸ்டீல் கம்பெனிக்குக் கைமாறின. தாங்கள் வஞ்சிக்கப்பட்டதாக மெரிட் சகோதரர்கள் வழக்காடி, பின்பு சமரசமானார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் கேட்ஸின் பெயர் நிற்பது வேறொன்றால். 1897 கோடை விடுமுறையில் கேட்ஸ்கில் மலைப் பக்கத்துக்குக் குடும்பத்தோடு போனவர், வில்லியம் ஆஸ்லர் எழுதிய தடித்த வைத்திய நூல் ஒன்றை எடுத்துப் போய் முழுவதும் படித்தார். நோய்களைப் பற்றி அவ்வளவு துல்லியமாக எழுதியிருந்த அந்த நூலில், நிச்சயமாகக் குணமாக்கத் தெரிந்த நோய்கள் எண்ணிக்கையில் சொற்பமே என்று கண்டு திடுக்கிட்டு, ஊர் திரும்பியதும் எஜமானருக்கு ஒரு குறிப்பு எழுதினார். 1901-ல் ராக்ஃபெல்லர் வைத்திய ஆராய்ச்சிக் கழகம் பிறந்ததற்கு வித்து அதுதான். பிறகு மீண்டும் ஓர் எச்சரிக்கை விடுத்தார்: செல்வம் பனிமலைச் சரிவுபோலப் பெருகிக்கொண்டே வருகிறது, பெருகுவதைவிட வேகமாக அதைப் பகிர்ந்தளிக்காவிட்டால் உம்மையும் உம் மக்களையும் மக்கள் மக்களையும் அது நசுக்கிவிடும் என்பது அதன் சாரம். 1913-ல் ராக்ஃபெல்லர் பவுண்டேஷன் உருவாயிற்று. அதன் ஆட்கள் 1916-ல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து கொக்கிப் புழு நோயை எதிர்த்து வேலை செய்தார்கள். அந்தத் தோட்டங்களில் வெறுங்காலோடு கொழுந்து பறித்தவர்கள் நம் தமிழ் ஜனங்கள். 1920-களில் சென்னை மாகாணத்திலும் அந்த வேலை நடந்தது.

லட்லோவில் கொளுத்திய கூடாரங்கள்

இவ்வளவையும் சொல்லி நிறுத்திக்கொண்டால் உண்மையில் பாதியை மறைத்தவன் ஆவேன். கேட்ஸின் ஆலோசனைப்படியே ராக்ஃபெல்லர் குடும்பம் கொலராடோ எரிபொருள் இரும்புக் கம்பெனியில் பெரும்பங்கை வாங்கியது. அதை நடத்தச் சென்றவர் கேட்ஸின் உறவினர். ஈராயிரம் மைலுக்கு அப்பால் நியூயார்க்கில் இருந்துகொண்டு, மாதாமாதம் வரும் அறிக்கைகளை வைத்தே அந்தச் சுரங்கங்கள் ஆளப்பட்டன. 1913-ல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, கம்பெனி வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டு, கூடாரங்களில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். சங்கத்தை அங்கீகரிக்கவே கூடாதென்று காரியாலயம் உறுதியாக நின்றது. கேட்ஸும் அதே கட்சிதான். 1914 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபைக் குழுவின் முன் வந்த ராக்ஃபெல்லரின் மகன், பத்து ஆண்டுகளாகத் தாம் அந்தச் சுரங்கங்களுக்குப் போனதில்லை என்று ஒப்புக்கொண்டார். இரு வாரம் கழிந்து, ஏப்ரல் 20-ஆம் தேதி, லட்லோ என்ற இடத்துக் கூடார முகாமை ராணுவக் காவலர் சுட்டும் கொளுத்தியும் அழித்தார்கள். ஒரு கூடாரத்தின் அடியில் வெட்டிய குழியில் ஒளிந்திருந்த 11 குழந்தைகளும் 2 தாய்மாரும் புகையில் மூச்சடைத்து மாண்டனர்.

எஜமானரிடம் மறுத்துச் சொல்லத் தெரிந்திருந்த கேட்ஸிடம் மறுத்துச் சொல்ல எவரும் இல்லை. மூன்று ஆண்டுக்கொருமுறை பேரேட்டைத் திறந்து பார்க்க வரும் அடுத்த மேலாள் அங்கே இல்லை. அறிக்கையில் டன் கணக்கு இருந்தது, லாபக் கணக்கு இருந்தது. கூடாரத்தில் இருந்த குழந்தைகள் எந்தப் பத்தியிலும் இல்லை. அதற்குப் பிறகுதான், 1915 செப்டம்பரில், மகன் ராக்ஃபெல்லர் கொலராடோவுக்கு நேரில் சென்று சுரங்கத் தொழிலாளரின் வீடுகளுக்குள் போய் உட்கார்ந்து பேசினார்.

கேட்பாரற்ற கடன்

இனி நம் காலத்துக்கு வருவோம். பில் ஹுவாங் என்பவர் கொரியாவில் பிறந்து, அமெரிக்காவில் முதலீட்டுத் தொழிலில் உயர்ந்தவர். இவரும் ஒரு போதகரின் மகன். பிறர் பணத்தைக் கொண்டு நடத்திய டைகர் ஏஷியா என்ற நிதி, 2012-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு முடிவுக்கு வந்தது. மறு ஆண்டே, தம் சொந்தப் பணத்தைப் பரிபாலிக்க ஆர்க்கிகோஸ் என்ற குடும்பக் காரியாலயத்தைத் தொடங்கினார். குடும்பத்தின் பணத்தை மட்டும் நிர்வகிக்கும் காரியாலயங்கள் முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை என்று 2010-ன் அமெரிக்கச் சட்டம் விலக்கு அளித்திருந்தது. அவரவர் பணம், அவரவர் பாடு; நஷ்டமானால் அவர்களோடு போகிறது என்பதே அந்த விலக்கின் நியாயம்.

அந்த நியாயம் 2021 மார்ச்சில் பொய்யாகிப் போயிற்று. ஹுவாங் பங்குகளை நேரடியாக வாங்காமல், 'ஸ்வாப்' என்ற ஒப்பந்தங்களின் வழியாக வங்கிகளையே வாங்கவைத்து, விலை ஏற்ற இறக்கத்தை மட்டும் தம் பேரில் ஏற்றுக்கொண்டார். ஒவ்வொரு வங்கிக்கும் தன்னிடம் உள்ள கணக்கு மட்டுமே தெரியும். மற்ற வங்கிகளிடமும் இதே மனிதர் இதே பங்குகளில் எவ்வளவு ஏறியிருக்கிறார் என்பது எவருக்கும் தெரியாது. 3,600 கோடி டாலர் சொந்த மூலதனத்தின் மேல் 16,000 கோடி டாலர் பந்தயம் நின்றது. அதிலும் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகளில். அவற்றில் ஒன்றான வயாகாம்சிபிஎஸ், புதுப் பங்குகள் விற்கப் போவதாக அறிவித்ததும் விலை சரிந்தது. வங்கிகள் கூடுதல் ஈடு கேட்டன. கொடுக்கப் பணம் இல்லை. சில நாட்களுக்குள் எல்லாம் கரைந்து போயிற்று.

நஷ்டம் அவரோடு போய்விடவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. கிரெடிட் சுவிஸ் வங்கிக்கு மட்டும் சுமார் 550 கோடி டாலர் பறிபோனது. வேறு காரணங்களும் சேர்ந்து தள்ளாடிய அந்த 167 வயது வங்கி 2023-ல் யு.பி.எஸ். வசம் அடைக்கலம் புகுந்தது. ஆர்க்கிகோஸின் ஊழியர்கள் தங்கள் போனஸில் ஒரு பகுதியை அந்த நிதியிலேயே கட்டாயமாக விட்டுவைத்திருந்தார்கள், அதுவும் போயிற்று. 2024 ஜூலையில் ஜூரி ஹுவாங்கைக் குற்றவாளி எனக் கண்டது. நவம்பரில் 18 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவருடைய தலைமை நிதி அதிகாரியும் அதே ஜூரியால் குற்றவாளி எனக் காணப்பட்டார். அந்த இரண்டாவது தீர்ப்பைக் காரியஸ்தர் உத்தியோகத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டும்: எஜமானர் சொன்னபடி செய்தேன் என்ற பதில் அங்கே செல்லுபடியாகவில்லை.

பெட்டிச் செய்தி: மார்க்கெட் தெருவில் இன்று
கிட்டங்கிகள் இருந்த சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இப்போது வானளாவிய கட்டடங்கள். தன் எல்லைக்குள் குடும்பக் காரியாலயம் தொடங்கி, குறிப்பிட்ட தொகையைக் கொண்டுவந்து, உள்ளூர்வாசிகளுக்கு வேலை கொடுத்து, அங்கேயே செலவும் முதலீடும் செய்தால் வரிச்சலுகை தருகிறது அந்நாடு. ஒரு திட்டத்துக்கு 2 கோடி சிங்கப்பூர் டாலர், மற்றொன்றுக்கு 5 கோடி வேண்டும். 2023 ஆகஸ்ட் 15-ஆம் தேதி போலீஸார் பல வீடுகளை ஒரே நேரத்தில் சோதனையிட்டுப் பத்து அயல்நாட்டாரைக் கைது செய்தார்கள். முடக்கப்பட்ட பணமும் பங்களாக்களும் தங்கமும் 300 கோடி சிங்கப்பூர் டாலரை எட்டின. பிடிபட்டவர்களில் சிலருக்கு வரிச்சலுகை பெற்ற குடும்பக் காரியாலயங்களோடு தொடர்பு இருந்திருக்கலாம் என்று தெரியவந்ததும், பரிசீலனை விதிகள் இறுக்கப்பட்டன.

பங்கு கேட்ட மகள்

நம் நாட்டில் 1953 முதல் மரண வரி இருந்தது, 1985-ல் நீக்கப்பட்டது. 1957-ல் வந்த செல்வ வரி 2015-ல் ரத்தானது. ஆகையால், இந்தியத் தனவந்தரின் காரியஸ்தருக்கு இன்று அரசாங்கத்தின் வரியைவிடக் குடும்பத்தின் பாகப்பிரிவினையே பெரிய கவலை. அஸீம் பிரேம்ஜி, நாராயண மூர்த்தி முதலானோரின் காரியாலயங்கள் பெரும்பாலும் ஒரே தலைமுறையில் சேர்ந்த சொத்தை நிர்வகிக்கின்றன. அங்கே சிக்கல் குறைவு. மூன்று நான்கு தலைமுறையாகக் கிளைத்த குடும்பங்களில்தான் சோதனை வருகிறது.

1911-ல் மதுரையில் சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பத்தின் கிளைகள், யார் எந்தத் தொழிலை நடத்துகிறார்களோ அவரிடமே அதன் உடைமையும் இருக்கட்டும் என்று உடன்பாடு செய்துகொண்டு, கோர்ட்டு வாசலில் ஒருவரையொருவர் தூற்றாமல் பிரிந்தன. 2022-ல் அந்த ஏற்பாடு அமலாயிற்று. முருகப்பா குடும்பத்தின் கதை இதைவிடக் கடினமானது. 2017-ல் மறைந்த எம்.வி. முருகப்பனுக்கு ஆண் வாரிசு இல்லை. தங்கள் கிளைக்குச் சுமார் 8 சதவிகிதப் பங்கு இருக்கும் அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியின் நிர்வாக சபையில் இடம் வேண்டும் என்று அவருடைய மூத்த மகள் வள்ளி அருணாச்சலம் கேட்டார். அணு விஞ்ஞானம் படித்தவர் அவர். 2020 செப்டம்பரில் பங்குதாரர்கள் பெரும்பான்மையாக வாக்களித்து அந்தக் கோரிக்கையை நிராகரித்தார்கள். வழக்கும் மத்தியஸ்தமும் நடந்து, 2023 ஆகஸ்டில் சமரசம் ஏற்பட்டது.

அந்தக் குடும்பத்தின் உள் நியாயங்கள் எத்தனையோ இருக்கலாம். அவற்றைத் தீர்ப்பிட எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் தந்தையின் பங்கு மகளுக்கு வரும் என்று சட்டம் தெளிவாகச் சொல்லிவிட்ட நாட்டில், பங்கு வந்த பின் நாற்காலியும் வருமா என்ற கேள்வியை அந்தத் தந்தை உயிரோடிருக்கும்போதே மேஜைமேல் எடுத்து வைக்க வேண்டியது காரியஸ்தரின் கடமை. அது அவருக்குச் சங்கடமான வேலைதான். மூத்தவர்கள் எவரும் கேட்க விரும்பாத கேள்வி. கேட்டவருடைய உத்தியோகத்துக்கே அது உலை வைக்கலாம். இருந்தாலும், இந்தியா முழுவதும் பெரிய தொழிற்குடும்பங்களில் மகள்கள் படித்து வந்து நிற்கும் இந்தத் தலைமுறையில், இதைத் தள்ளிப்போடும் காரியாலயம் எவ்வளவு லாபம் ஈட்டினாலும் தன் தலையாய வேலையைச் செய்யவில்லை என்றே சொல்வேன்.

செய்ய வேண்டியவை

கோடிகளைக் காரியஸ்தர் கையில் ஒப்படைக்கும் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நியமனக் கடிதத்தில் சம்பளத்தையும் போனஸையும் எழுதுவதோடு, எவ்வளவு தொகைக்கு மேல், எவ்வளவு கடனுக்கு மேல், அவர் எழுத்தில் சம்மதிக்காமல் குடும்பத் தலைவரும் கையெழுத்திடக் கூடாது என்ற ஷரத்தை எழுதிக் கொடுங்கள்; மறுத்ததற்காக அவரை விலக்க முடியாது என்பதையும் அதிலேயே சேருங்கள். மூன்று ஆண்டுக்கொருமுறை, குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் வந்து பேரேட்டையும் தொழிலிடங்களையும் நேரில் பார்த்து, மகள்கள் உட்பட எல்லாப் பங்குதாரருக்கும் அறிக்கை தரட்டும். இதற்கு அயல்நாட்டு நிபுணர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. செட்டிநாட்டில் நூறாண்டுக்கு முன் நடந்த முறைதான்.

அரசாங்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குடும்பக் காரியாலயங்களுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. டிரஸ்டாகவும் கம்பெனியாகவும் கூட்டு ஸ்தாபனமாகவும் அவை பல உருவில் இயங்குகின்றன. ஒரு குடும்பம் தன் சொந்தப் பணத்தை என்ன செய்கிறது என்பது பிறருக்குத் தேவையில்லை. ஆனால் வங்கிகளிடம் வாங்கிய கடனையும் செய்துகொண்ட ஸ்வாப் ஒப்பந்தங்களையும் ஓரளவுக்கு மேற்பட்ட காரியாலயங்கள் ரிசர்வ் வங்கிக்கும் செபிக்கும் ரகசியமாகவேனும் மொத்தமாகத் தெரிவிக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள்; அந்தக் கடனில் இருப்பது வங்கியில் பணம் போட்டிருக்கும் சாமானியரின் சேமிப்பு.